சாம்பல் நிறத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி

சாம்பல் படித்த டிசைன் கல்லூரியிலிருந்து வருடா வருடம் ஒரு படிவம் வரும். "எங்கள் பட்டதாரிகளிடம் தொழிலுக்குத் தேவையான திறன்களில் எது குறைவாக இருக்கிறது? தயவுசெய்து விரிவாக எழுதவும்" என்று கேட்டு, கீழே பத்துக் கோடுகள் போட்டிருப்பார்கள். சாம்பல் ஒரே ஒரு கோட்டில் எழுதி அனுப்புவார்: "கண்ணில் சொட்டு மருந்து விட்டு அனுப்புங்கள்." ஒரு தடவை துறைத்தலைவரே போன் போட்டு, "சார், நாங்க சீரியஸா கேக்குறோம், நீங்க விளையாடுறீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். "நானும் சீரியஸாத்தான் சார் எழுதியிருக்கேன்" என்றார் சாம்பல்.

சாம்பல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஆபீசில் விழுந்த பெயர். விழுந்த கதையைப் புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அவரே சொல்லிவிடுவார். அடுத்தவர் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. இப்போது வயது நாற்பது, சொந்தமாக ஒரு கேபின், கீழே ஏழு பேர். ஆனால் கதை நடந்தபோது இருபத்து மூன்று. "அன்னைக்கு நான் நடந்துகிட்ட லட்சணத்துக்கு 'அவன்'னு சொன்னாலே போதும், 'அவர்' எல்லாம் அதிகம்" என்பார். அவர் பேச்சைத் தட்டுவானேன்?

அவன் கல்லூரியிலேயே முதல் மாணவன். ஃபான்ட் பெயர்கள் இருநூறு மனப்பாடம். நடுராத்திரி எழுப்பி எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்டாலும் சொல்லுவான். வீட்டில் அம்மா மளிகை லிஸ்ட் எழுதினால் அதில் வரிகள் சாய்ந்திருப்பதைச் சொல்லித் திட்டு வாங்குவான். எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சு. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்களே, அவனுக்கு இரண்டு பிள்ளைகளைப் பிழைக்க வைக்கிற வாய். தன் டிசைனை எடுத்து வைத்துப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தலையாட்டாமல் எழுந்து போக முடியாது.

சேர்ந்த ஆபீஸ் சின்னது. ஒரு மாடி, ஆறு கம்ப்யூட்டர், எப்போதும் மக்கர் பண்ணும் ஒரு பிரின்டர். முதலாளியான மேடம் அதிகம் பேச மாட்டார். "ஆறு மாசம் பாக்குறேன். கண் ஆஸ்பத்திரி வேலையை முழுசா உன்கிட்ட விடுறேன். வேலை முடிஞ்சதும் அவங்க திருப்தின்னு ஒரு கடிதம் குடுக்கணும். அந்தக் கடிதம் வந்தா உன் வேலை நிரந்தரம். வரலைன்னா நீ வேற இடம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

வேலை இதுதான்: புதிதாகக் கட்டிய கண் ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டிப் பலகைகள், மொத்தம் எண்பத்தாறு. பதிவு செய்யும் இடம் எங்கே, சொட்டு மருந்து விடும் கூடம் எங்கே, டாக்டர் அறை எங்கே என்று கண் மங்கிப்போய் வருகிற ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நம் ஆள் என்ன செய்தான்? ஆஸ்பத்திரியை நேரில் போய்ப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் போனால் நோயாளிகள் குறுக்கே வந்து போட்டோ கெட்டுவிடுமாம். மீதி எல்லாம் கம்ப்யூட்டரில் கட்டட வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான். பளபளக்கும் வெள்ளைப் பலகை. அதில் தலைமுடி கனத்துக்கு மெல்லிய எழுத்து. எழுத்தின் நிறம் வெளிறிய சாம்பல். கழிப்பறைக்கு ஆண், பெண் படம் போடுவது பழைய பாணி என்று, ஆணுக்கு ஒரு நேர்க்கோடு, பெண்ணுக்கு லேசாகச் சாய்ந்த ஒரு கோடு. அந்தக் கோட்டின் சாய்வுக்கு மட்டும் மூன்று நாள் செலவழித்தான்.

மேடம் பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்ப மெலிசா இல்ல?" என்றார். வெள்ளை இடமும் பேசும் என்று பதினைந்து நிமிடம் விளக்கினான். ஆஸ்பத்திரி மேலாளர் தயங்கித் தயங்கி, "தம்பி, எழுத்தைக் கொஞ்சம் பெருசா போடலாமா?" என்றார். அவருக்கு நாற்பது நிமிடம். பலகை சுவரோடு கலந்து மூச்சுவிட வேண்டும், ஆஸ்பத்திரிக்குத் தேவை மௌனம், கத்துகிற எழுத்து நோயாளியின் மனதைப் புண்படுத்தும் என்றெல்லாம் அடுக்கினான். மேலாளர் பாவம், மறுபடி கேட்டால் தனக்கு ரசனை இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்து தலையாட்டிவிட்டார். எண்பத்தாறு பலகைகளும் ஏறின.

கடிதம் வாங்கப் போக வேண்டிய நாள் ஒரு புதன்கிழமை. அன்றைக்கே அப்பாவுக்கும் அங்கே டோக்கன் போட்டிருந்தான். அப்பா பஸ் டிரைவர். கொஞ்ச நாளாக எதிரில் வரும் வண்டியின் விளக்கு பூப்பூவாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணையும் காட்டிவிடலாம், பிள்ளையின் கைவண்ணத்தையும் காட்டிவிடலாம் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கண் ஆஸ்பத்திரிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, "நீ போர்டு போட்ட இடத்துக்குப் போறோம், அப்படியே போக முடியுமா?" என்றார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

உள்ளே நுழைந்ததும் ரத்தம் கொதித்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் அவனுடைய பலகையின் மேலேயே யாரோ ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். கொழுத்த மார்க்கர் பேனாவால் "டாக்டர் ரூம் 14" என்று எழுதி, பக்கத்தில் தலை பெருத்த ஒரு சிவப்பு அம்புக்குறி. செல்லோ டேப் வேறு கோணலாக. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. திருப்பத்தில் ஒன்று. கூடத்து வாசலில் ஒன்று. சித்திரத்தின் மேல் சாணி அடித்த மாதிரி இருந்தது அவனுக்கு. அப்பா பதிவு வரிசையில் நின்ற நேரத்தில் நாலையும் பரபரவென்று கிழித்து, மடித்து, பேன்ட் பையில் திணித்துக்கொண்டான். பலகையில் ஒட்டியிருந்த டேப் பசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கூட விட்டான். அவ்வளவு கடமை உணர்ச்சி!

சொட்டு மருந்து விடும் கூடத்தில் மூன்று வரிசை நாற்காலிகள். கண்மணி விரிவதற்கு மருந்து விட்டுக்கொண்டவர்கள் தலையை அண்ணாந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் அவன். நேர் மேலே கூரையிலிருந்து அவனுடைய பலகை ஒன்று தொங்கியது. நன்றாகச் சாய்ந்து, தலையை அண்ணாந்து பார்த்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. அழகுதான். ஆனால் இடது பக்கத்து ஸ்க்ரூ இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறதோ? கண்ணை அகல விரித்து உற்றுப் பார்த்தான்.

வரிசையாக வந்துகொண்டிருந்த நர்ஸுக்கு இப்படி ஒத்துழைக்கிற நோயாளி அன்றைக்கு வேறு யாரும் அமையவில்லை. இமையைப் பிடித்தார், ஒரு சொட்டு.

"ஐயோ, நான் பேஷன்ட் இல்லைங்க!"

"எல்லாரும் எரிஞ்சா இப்படித்தான் சொல்றாங்க. அசையாதீங்க." அடுத்த கண்ணிலும் ஒரு சொட்டு.

டோக்கனைக் கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகு நர்ஸ் கையைப் பிசைந்தார். "நாலஞ்சு மணி நேரத்துல சரியாயிடும். வெளிச்சத்தைப் பாக்காதீங்க. கிட்டத்துல எதையும் படிக்காதீங்க. ஆனா நீங்க எதுக்கு சார் அப்படி அண்ணாந்து உக்காந்திருந்தீங்க?" பலகையின் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

அப்பாவிடம் சொல்லவில்லை. கண்ணை மூடித் தூங்கிப்போயிருந்த அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. பிள்ளையின் மூக்கு உடைந்ததை அப்பனிடம் எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டான்.

அரை மணி போனது. விளக்குகளைச் சுற்றி மஞ்சளாய் வளையம் கட்டியது. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்: "முப்பத்தேழு! பதினாலாம் ரூமுக்குப் போங்க. பன்னெண்டுக்கு டாக்டர் ஆபரேஷனுக்குப் போயிடுவார். விட்டா அடுத்த டோக்கன் ரெண்டு மாசம் கழிச்சுத்தான்."

அப்பா எழுந்தார். கையை நீட்டித் துழாவி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. நீதான் கூட இருக்கியே, எனக்கென்ன."

வெளி நடைபாதைக்கு வந்தார்கள். மேலே பலகை தொங்குவது தெரிந்தது. வெள்ளையாக, பளபளவென்று, ட்யூப் லைட்டின் வெளிச்சத்தை வாங்கி முகத்தில் அடித்தது. எழுத்து? எழுத்து ஒன்றுமில்லை. கண்ணைச் சுருக்கினான், ஒரு கண்ணை மூடினான், கையைக் குடையாகப் பிடித்தான். வெள்ளை இடம் பேசும் என்று சொன்னானே, அது அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

சரி, வரைபடம்தான் மனப்பாடமாயிற்றே! இடது பக்கம், நேரே, வலது பக்கம். அவன் மனப்பாடம் செய்தது முன்வாசலிலிருந்து. இப்போது அவர்கள் வந்தது கூடத்தின் பக்கவாசல் வழியாக. அது அவன் புத்திக்கு எட்டவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு கதவில் கோடு மாதிரி ஏதோ தெரிந்தது. நேர்க்கோடா, சாய்ந்த கோடா? பதினாலாம் எண்ணின் முதல் பாதியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டித் தள்ளினான்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அலறியது. "யாருய்யா அது? கண்ணு தெரியலையா?"

அப்பா நிதானமாகப் பதில் சொன்னார். "தெரியலம்மா. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

அசடு வழிய வெளியே வந்தார்கள். நடந்தார்கள், திரும்பினார்கள், மறுபடி நடந்தார்கள். கடைசியில் போய் நின்ற அறையில் துவைத்த போர்வைகளின் வாசனை வந்தது. எங்கோ ஒரு கடிகாரம் இருக்க வேண்டும்; இருந்தாலும் என்ன, பார்க்க முடியுமா? அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த டோக்கன் போனால் அப்பா இன்னும் இரண்டு மாதம் பூப்பூவாகத் தெரியும் விளக்குகளுக்கு நடுவே ஐம்பது பேரை வைத்து வண்டி ஓட்ட வேண்டும்.

"ஏம்பா, நின்னுட்ட?" என்றார் அப்பா.

"போர்டு... சரியா தெரியலப்பா."

"போர்டு நல்லாத்தான் இருக்கும், நீ போட்டதாச்சே. என்னால உன் நடையும் தடுமாறுது. எல்லாம் என் கண்ணு பண்ற கோளாறு."

அந்த நேரம் தண்ணீர் வாளியை உருட்டிக்கொண்டு ஒருவர் வரும் சத்தம். தரை துடைக்கும் அக்கா.

"பதினாலுக்குப் போகணுமா? இங்க எங்க வந்து நிக்கிறீங்க? வாங்க, வாங்க." அப்பாவின் கையைப் பிடித்து நடந்துகொண்டே பேசினார். "ஒரு நாளைக்கு இருநூறு பேர் என்கிட்ட வழி கேக்குறாங்க. எல்லாருக்கும் சொல்லிட்டு நான் எப்போ தரை துடைக்கிறது? அதான் நானே பெருசு பெருசா எழுதி நாலு இடத்துல ஒட்டினேன். எனக்கு எழுத்து ஒண்ணும் அழகா வராது. ஆனா ஒரு வாரமா ஒருத்தர்கூட வழி கேக்கல. இன்னைக்குக் காலையில எந்தப் புண்ணியவானோ நாலையும் கிழிச்சுட்டுப் போயிட்டான்."

அப்பா உச்சுக்கொட்டினார். "அடப்பாவி! கண்ணு தெரியாதவங்க வர இடத்துல இப்படிச் செய்யலாமா? யாரு பெத்த புள்ளையோ!"

பெற்ற பிள்ளை பின்னாலேயே சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. பேன்ட் பையில் நாலு காகிதமும் தொடையைக் குத்தின.

டாக்டர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டதில் மறுபடி உட்கார்ந்தார். அப்பா உள்ளே போனார். அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அக்காவுக்கு நன்றி சொல்லக் கையைக் கூப்பினான். அவர் அதற்குள் வாளியோடு போய்விட்டிருந்தார், கூப்பியது ஒரு தூணைப் பார்த்து.

"அடடே, இங்கேயே இருக்கீங்களா தம்பி!" மேலாளரின் குரல். எதிர் அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து, கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். "கடிதம் ரெடி. மேடம் சொன்ன மாதிரியே எழுதியிருக்கேன். படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

அவன் காகிதத்தை மூக்குக்கு அருகில் பிடித்தான். பிறகு கை எட்டும் தூரத்துக்குத் தள்ளினான். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அவன் ஆறு மாத உழைப்பு, அவன் நிரந்தர வேலை, அம்மா பக்கத்து வீட்டில் இப்போதே சொல்லி வைத்திருக்கிற செய்தி, எல்லாம் அந்த எறும்புகளுக்குள் இருந்தது. "சரியா இருக்கு சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறந்தும் விட்டது. கை என்னவோ பையில் இருந்த காகிதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எடுத்து மேஜையில் வைத்தான்.

மேலாளர் முகம் மாறியது அவனுக்குத் தெரியவில்லை. குரல் மாறியது கேட்டது. "ஐயையோ, மன்னிச்சுக்குங்க தம்பி. அந்த அம்மாகிட்ட நூறு தடவை சொல்லிட்டேன், இவ்வளவு நல்ல போர்டு மேல இதையெல்லாம் ஒட்டாதன்னு. இன்னைக்கு அவங்களை விடப்போறதில்ல."

"சார், சார்! அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. கிழிச்சது நான். இந்த ஆஸ்பத்திரியில உருப்படியா இருந்த போர்டு இந்த நாலுதான் சார். மீதி எண்பத்தாறும் தப்பு. எனக்கும் கண்ணுல மருந்து விட்டுட்டாங்க. நான் எழுதினதை என்னாலயே படிக்க முடியல. எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு லேடீஸ் பாத்ரூமுக்குள்ள போயிட்டேன்."

மேலாளர் மெதுவாகக் கேட்டார். "நான் அன்னைக்கே கேட்டேன்ல தம்பி, எழுத்து கொஞ்சம் பெருசா போடலாமான்னு?"

"கேட்டீங்க சார்."

"நீங்க ஏதோ மௌனம்னு சொன்னீங்க."

"சொன்னேன் சார்."

"நானும் படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு..."

"இல்ல சார். நான் படிச்சதுல கண்ணு தெரியாதவங்க யாரும் வரல. கடிதத்துல கையெழுத்துப் போடாதீங்க. மாத்திக் குடுத்துட்டு வந்து வாங்கிக்கிறேன்." சொல்லிவிட்டு எழுந்தவன் நேராகப் போய் அலமாரியில் முட்டிக்கொண்டான்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மெலிசா இருக்குன்னு நான் சொன்னேனா இல்லையா?" என்று மட்டும் கேட்டார். நிரந்தரம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போயிற்று. மறுநாள் ஆபீசில் எல்லோரும் "வாங்க சாம்பல்" என்றார்கள். அன்றிலிருந்து அதுதான் பெயர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது அவன் விஷயத்தில் சும்மா சொலவடை இல்லை, நடந்த சம்பவம்.

அடுத்த ஒரு மாதம் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே குடியிருந்தான். அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, மருந்து விட்டு வருபவர்களிடம் "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டான். தூரத்தில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அக்கா நிற்பார். "இன்னும் பெருசு" என்பார். பெருசாக்குவான். "இன்னும்" என்பார். அவனுக்குத் தெரிந்த இருநூறு ஃபான்ட்டில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு அந்த நடைபாதையில் செத்தன. அழுத்தமான மஞ்சளில் கொழுத்த கறுப்பு எழுத்து மிஞ்சியது. அம்புக்குறிக்கு மட்டும் அவன் மெனக்கெடவில்லை. அக்கா வரைந்த தலை பெருத்த அம்பையே அப்படியே எடுத்துப் போட்டான். வருகிறவர்கள் பழகிவிட்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, கடைசிப் பரிசோதனைக்கு வந்த நாள். அப்பா வாசலிலேயே நின்று, பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். "மருந்துக் கடை. பதிவு. பார்வைப் பரிசோதனை. டாக்டர் ரூம் பதினாலு." படித்து முடித்ததும் அவர் முகம் வாடிப் போயிற்று. திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார்.

"தம்பி, உன்னோடது வெள்ளை போர்டுல்ல, அதை எடுத்துட்டாங்களா?"

"ஆமாம்பா."

"இது வேற யாரோ போட்டிருக்கான். பளிச்சுனு இருக்கு." சொன்ன பிறகு சங்கடப்பட்டார். தோளில் தட்டிக் கொடுத்தார். "உன்னோடதும் நல்லாத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் அப்போ கண்ணு தெரியல. மனசை விட்டுடாத, என்ன? நீயும் ஒரு நாள் இந்த மாதிரி போடுவ."

அவன் வாயைத் திறந்தான். நாற்பது நிமிடம் பேசத் தெரிந்த வாய்.

"போடுறேன்பா" என்றான். வழக்கம்போல அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பதினாலாம் அறைப் பக்கம் நடக்கத் திரும்பினான்.

"கையை விடுடா" என்றார் அப்பா. "அதான் வழி இவ்வளவு தெளிவா எழுதியிருக்கே."